வைக்கோல் பிரி

ஜப்பான் தேசத்தின் வடபகுதியிலுள்ள யமகதா சீமையில், முதுகுச் சுமை தோலை உரசாதிருக்கும் பொருட்டு வைக்கோலால் முடைந்த ‘பண்டோரி’ என்னும் முதுகணையை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகிறார்கள். மணப்பெண்ணின் சீர்வரிசையைச் சுமப்பதற்கென்றே வண்ண இழைகள் சேர்த்து அலங்காரமாகச் செய்தவையும் அவற்றுள் உண்டு. அதே மரியாதை நம் கம்பம் பள்ளத்தாக்கின் வைக்கோல் பிரி என்னும் கயிற்றுக்கும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வந்தது முதல் செழித்து, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கரில் இருபோகம் விளையும் இந்தப் பூமியில், வரப்பின்மேல் வண்டி போகாது. அறுத்த கதிரெல்லாம் தலைச்சுமையாகவே களம் சேர்ந்தாக வேண்டியிருந்தது. கட்டுவதற்கான கயிறோ அந்த நெல்லின் தாளிலிருந்தே பிறந்தது.

காய்ந்த வைக்கோலில் நீர் தெளித்துப் பதமாக்கி, ஒருவர் குந்தியமர்ந்து சிறு சிறு கற்றையாக ஊட்ட, மற்றவர் முனையை முறுக்கிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். கலையெல்லாம் ஊட்டுபவர் விரலில்தான் இருக்கிறது. முந்திய கற்றை தீர்வதற்குச் சாண் அளவு முன்னமே அடுத்ததைச் செருக வேண்டும். மிகுந்தால் முண்டு விழும், குறைந்தால் அவ்விடத்திலேயே அறும். முறுக்கேறிய பிரியை நடுவில் மடித்தால், இரு பாதியும் எதிர்த்திசையில் தாமே பின்னிக்கொண்டு, ஒன்றன் முறுக்கை மற்றொன்று அவிழவிடாமல் காக்கும். என்ன நேர்த்தியான யுக்தி! இதே வைக்கோலைச் சுருட்டிப் பழந்துணி சுற்றினால் பெண்களின் தலைக்குச் சும்மாடு. வளையமாகப் பின்னினால் பானைக்குப் பிரிமணை.

1966-க்குப் பின் குட்டை நெல் ரகங்கள் வந்து தாள் குறுகியது. அறுவடை இயந்திரம் அதையும் நொறுக்கிப் போடுகிறது. களத்தில் முடிச்சை உருவியதும் பிரி மாட்டுக்குத் தீனியாகிவிடும் ஆதலால், கண்ணாடிப் பேழையில் வைக்கப் பழைய பிரி ஒன்றும் மிஞ்சுவதில்லை. இவ்வித்தை மனிதர் கையில் மட்டுமே வாழ்வது. ஆகவே, திரிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி, ஓர் அறுவடைப் பருவமேனும் பழகச் செய்யும்படி ஆசிரியர்களை வேண்டுகிறேன். ஊருக்கு ஒரு சம்சாரி, பழைய நெட்டை நெல்லுக்கெனச் சில சென்ட் நிலம் ஒதுக்கினால், பிள்ளைகளுக்கு வேண்டிய நீண்ட தாளும் கிடைத்துவிடும்.