பிறந்த மலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல்

பிள்ளைகள் தொலைவில் உள்ளவற்றை எளிதில் கற்றுக்கொள்ளுகிறார்கள். அருகில் உள்ளவற்றை அறியாமலே வளர்ந்துவிடுகிறார்கள். அட்டன் நகரத்துப் பாடசாலை மாணவன் ஒருவனிடம் நைல் நதி எந்த நாட்டில் பாய்கிறது என்று கேட்டால் உடனே விடை சொல்லுவான். அவன் நாள்தோறும் கடந்து செல்லும் புகையிரதப் பாதை எப்பொழுது வந்தது, அதனை அமைத்த கைகள் யாருடையவை என்று கேட்டால் விழிப்பான். குற்றம் மாணவனுடையதன்று. அவனுக்கு யாரும் சொல்லவில்லை; காட்டவும் இல்லை.

மலைநாட்டின் வரலாறு பாடப்புத்தகத்தில் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியது. இவ்வளவும் உண்மையே. எனினும், அந்தக் காட்டை வெட்டிக் குழி தோண்டிக் கன்று நட்டவை டெயிலரின் இரண்டு கைகள் மட்டும் அல்லவே! ஏனைய கைகளின் வரலாறு எங்கே இருக்கிறது? அது ஊர்ப் பெயர்களிலும், பாதைகளிலும், கோயில்களிலும், கிழவர்களின் நினைவிலும் இருக்கிறது. அதனைக் கண்டறியப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லவேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பௌர்ணமி விடுமுறை, ஓர் அப்பியாசக் கொப்பி, கேட்பதற்குக் கூசாத வாய், நடப்பதற்குச் சலியாத கால் ஆகிய இவை போதும்.

முதற் பாடத்தை ஊர்ப் பெயர்களிலிருந்து தொடங்கலாம். அட்டனில் பஸ்வண்டி ஏறி, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவைக் கடந்து, நல்லதண்ணியில் இறங்குகின்ற ஒரு குடும்பம் சில மணி நேரத்தில் மூன்று மொழிகளினூடாகப் பயணஞ் செய்கிறது. அட்டன் என்பது ஸ்கொத்லாந்திலுள்ள ஓர் ஊரின் பெயர். பிறந்த மண்ணை மறக்கமுடியாத துரைமார் அதனை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மஸ்கெலியா சிங்களப் பெயர். நல்லதண்ணி தமிழ்ப் பெயர். ஆங்கில வரைபடத்தில் அதே ஊர் டல்ஹௌசி எனப்படுகிறது. படத்தில் எழுதியவர் ஒரு பெயரை இட்டார். மலையேறி இளைத்து வந்து அருவி நீரைக் குடித்தவர் மற்றொரு பெயரை இட்டார். இவ்வாறே பல தோட்டங்களுக்கு ஏட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் மக்கள் நாவில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. தத்தம் தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் எழுதி, அவை எப்படி வந்தன என்று முதியோரைக் கேட்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னால், அன்றே அவர்கள் வரலாற்று மாணவர் ஆகிவிடுகிறார்கள். அந்தப் பாதை முடியும் இடத்தில் சிவனொளிபாதமலை நிற்கிறது. உச்சியில் உள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்றும், இந்துக்கள் சிவனுடையது என்றும், இஸ்லாமியரும் கிறித்தவரும் தத்தம் மரபின்படி ஆதம் முதலானோருடையது என்றும் போற்றுகின்றனர். ஒரே மலையை நால்வர் நான்கு பெயரால் வணங்கலாம் என்பதைப் பிள்ளைகள் அறிவதற்கு இதைவிடச் சிறந்த இடம் வேறு எது?

அடுத்த பாடம் புகையிரத நிலையத்தில் காத்திருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 ஆம் ஆண்டில் வந்த இருப்புப் பாதை, மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளை வளைத்து, 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சுரங்கம் இலங்கைப் புகையிரதப் பாதைகளிலேயே மிக நீளமானது. அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஏட்டில் அதன் பெயர் பூல்பேங்க். மக்கள் அதனைச் சிங்கமலைச் சுரங்கம் என்கிறார்கள். வண்டி இருளுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஆரவாரஞ் செய்வது வழக்கம். வெளிச்சம் வந்தபின், அந்தக் கருங்கல்லைக் குடைந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

அதே நிலையத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கப்படுவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அதன்பின் ஆண்டுக்கணக்காக மலைநாட்டு நிலையங்களில் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் வண்டியில் இருப்பான். தம்பி மேடையில் நிற்பான். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் பெயரிட்டார்கள். நிலையத்தின் மேடையில் நின்று இதனைக் கேட்கும் பிள்ளை, பலர் பிரிந்துபோன இடத்திலேதான் தானும் நிற்பதாக உணரும். அச்சிட்ட பக்கம் தரமுடியாத அறிவு அது.

பிரிந்து சென்றவர்களின் முன்னோர் வந்த வழியையும் சொல்லவேண்டும். புகையிரதம் வருமுன் தொண்டி, அம்மாபட்டினம் முதலிய துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். தூரம் ஏறத்தாழ 150 மைல். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தொடர்ந்து வந்தன. வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கி ஆறுதல் பெற்றார்கள். இன்று வானளாவிய கோபுரத்தோடு விளங்கும் அக்கோயிலைக் காணச் செல்லும் குடும்பங்கள், தேர்த் திருவிழாவின் சிறப்பை மட்டும் சொல்லாமல், அம்மன் அங்கே குடிகொண்ட காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நலம். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் அச்சத்தோடு நடந்த வழியைப் பேரர்கள் பெருமையோடு நடந்தார்கள்.

தோட்டமே ஒரு பாடசாலைதான். அங்கே வழங்கும் சொற்களைப் பிள்ளைகள் கொப்பியில் தொகுத்தால் ஒரு சிறு அகராதி உருவாகும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம் பெரட்டுக்களம். படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்ற சொல்லே பெரட்டு என்று ஆயிற்று என்பர். குடியிருப்பு லயம். அது வரிசை என்று பொருள்படும் லைன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எது சரியாயினும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த வாழ்வை அச்சொல் காட்டுகிறது. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஒரு நாள் உழைப்புக்கு ‘ஒரு பேர்’. நிறுவையில் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. உழைத்தவளின் பெயரையே பாதியாக வெட்டுகின்ற கணக்கு இது! ‘துண்டு’ என்ற சொல்லையும் கேட்டறியவேண்டும். தொழிலாளியின் கடனை எழுதிய காகிதம் அது. அந்தக் கடனை வேறொரு தோட்டம் கட்டினாலன்றி அவன் இடம் மாறமுடியாது. அம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு அருகே நின்றுகொண்டே இவ்வளவையும் ஓர் அப்பாயி தன் பேத்திக்குச் சொல்லிவிடலாம்.

டிக்கோயாவிலே வாலி தேவாலயம் இருக்கிறது; 1878 இல் எழுந்தது. அதன் முற்றத்தில் துரைமார் பலருடைய கல்லறைகள் உள்ளன. பெயரும் ஊரும் வயதும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இளமையிலேயே இறந்தோரும் அங்கே துயில்கின்றனர். அவர்களுக்காக இரங்குவதும் தகும். ஆனால் தொழிலாளர் புதைக்கப்பட்ட இடங்களைக் காண விரும்பினால் தேயிலைச் செடிகளுக்கு இடையே செல்லவேண்டும். பெரும்பாலானவற்றில் கல் இல்லை, பெயரும் இல்லை. இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. அது தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கும்.

நீரின் அடியிலும் வரலாறு உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் அமைந்தபொழுது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்பொழுது, கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகிய மூன்றின் எச்சங்களும் வெளியே தோன்றும். மின்விளக்கின் ஒளியில் படிக்கும் மாணவன், அவ்வொளிக்காக ஓர் ஊர் இடம்பெயர்ந்ததை அறிந்திருப்பது நன்று.

பாட்டையும் கூத்தையும் விட்டுவிட்டால் மலைநாட்டு வரலாறு நிறைவு பெறாது. வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயங்களில் பாடப்பட்ட தாலாட்டையும் ஒப்பாரியையும் தொழிற்பாட்டையும் கேட்டுத் தொகுத்து நூலாக்கினார். அவர் தொகுத்திராவிட்டால் அவற்றுட் பல பாடியவர்களோடு மறைந்திருக்கும். துணி வியாபாரியைப்போல் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்தவர் எனப்படும் கோ. நடேசய்யர், 1931 இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார். இவர்களுடைய பெயர்கள் அட்டன் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டாமா? மாசி மாதத்தில் பிறை கண்டபின் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து இன்னும் பல தோட்டங்களில் ஆடப்படுகிறது. மதன் எரிவதும், ரதி புலம்புவதும், தப்பொலி மலையெங்கும் கேட்பதும் பிள்ளைகள் விழித்திருந்து காணத்தக்கவை.

கசப்பான செய்திகளைச் சொல்லலாமா என்று பெற்றோர் தயங்குவர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் அவர்களை விட்டு நீங்கியது. இக்குறை முற்றாக நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் மஞ்சளித்துக் கிடக்கும் காகிதங்களை எடுத்துக்காட்டி இதனைச் சொல்லும்பொழுது பகை வளரவேண்டியதில்லை. தேயிலை மலைகளுக்கு மற்றொரு கதையும் உண்டு என்பதையும் உடன் சொல்லுதல் நீதி. 1840 ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால், உறுதிப் பத்திரம் காட்டமுடியாத நிலங்கள் முடிக்குரியவை ஆக்கப்பட்டு, பின்னர் தோட்டங்களாயின. தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பயன்படுத்தி வந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் இழந்தவர்களே. இரண்டு இழப்புகளையும் சேர்த்து அறிந்த பிள்ளை அயலானை வெறுக்காது.

நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்வோர் செங்கல்லாற் கட்டிய தபாற் கந்தோரையும், தேசாதிபதி கிரெகரி 1873 இல் அமைத்த ஏரியையும், ஹக்கலைப் பூங்காவையும் பார்த்து மகிழ்கின்றனர். அவ்வாறே மகிழட்டும். அதே விடுமுறையில் ஒரு நாளைக் கம்பளைப் பகுதியிலுள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்கலாம். 2007 இல் தொடங்கிய அது, பழைய லயத்து அறைகளிலேயே அமைந்திருக்கிறது. பாட்டியின் கொழுந்துக் கூடை கண்காட்சிப் பொருளாக மதிக்கப்படுவதைக் காணும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பு, ஏரியைக் கண்ட வியப்பினும் பெரிது.

நகரப் பாடசாலைக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர், தம் இருப்பிடத்தைக் கேட்டால் லயம் என்று சொல்லக் கூசுகின்றனர். அக்கூச்சத்தை அறிவுரையால் நீக்கமுடியாது; அறிவால் நீக்கலாம். காட்டைக் கழனியாக்கி, மலையைக் குடைந்து, ஒரு நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்களின் வழிவந்தோம் என்று அறிந்தவர் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த அறிவைத் தரக்கூடிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மன்னார்க் காட்டில் நடந்தவர்களை நேரிற் கண்டு கதை கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஆதலால், வருகின்ற விடுமுறையிலேயே பிள்ளைகள் கொப்பியோடு லயத்துத் திண்ணையில் அமரட்டும். வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவியிடம், “அப்பாயி, உங்க அப்பாவைப் பெத்தவங்க எந்த ஊர்லேருந்து வந்தாங்க?” என்று கேட்கட்டும். அவர் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.