மக்ரோத் தடையும் மாற்றுவழியும்



மாதமுடிவில் கந்தோர்களிலே சம்பளப் பட்டியல் ஆயத்தமாகும் வேளையை எண்ணிப் பாருங்கள். கிளைக் காரியாலயத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பை இலிகிதர் திறக்கின்றார். சென்ற மாதம் ஒரு பொத்தானை அழுத்தியதும் கணக்கனைத்தையும் தானே முடித்துத் தந்த அதே விரிதாள்தான். இன்றோ பொத்தான் இயங்கவில்லை. தாளின் மேற்புறத்திலே செந்நிறப் பட்டையொன்று தோன்றி, மக்ரோ தடுக்கப்பட்டுள்ளது என அறிவிக்கின்றது. கணினி பழுதுற்றது என்றே பலர் எண்ணுவர். உண்மையில், இக்கோப்பு எங்கிருந்து வந்தது, இதை ஆக்கியவர் யார் என்று கணினி வினவுகின்றது. அவ்வினாவுக்கு விடையளிக்கும் முறையையே இன்று கூறக் கருதுகின்றேன்.

மக்ரோ என்பது யாது? நாம் கையாற் செய்யும் பல வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுமாறு கோப்பினுள்ளேயே எழுதிவைக்கப்பட்ட கட்டளைத் தொடராகும். 1979ஆம் ஆண்டு வெளிவந்த விசிகல்க் என்னும் விரிதாள், கட்டங்களிலுள்ள எண்களைக் கணித்துத் தந்தது. 1993இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்செலுடன் விசுவல் பேசிக் என்னும் கட்டளைமொழியை இணைத்தபோது, விரிதாள் வேறு கோப்புக்களைத் திறக்கவும் அழிக்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் வல்லதாயிற்று.

உதவும் கை கெடுக்கவும் கூடுமன்றோ? 1996இல் லாரூ என்னும் மக்ரோ வைரசு எக்செல் கோப்புக்களிற் பரவியது. 1999 மார்ச்சில் வேட் கோப்பொன்றில் வந்த மெலிசா, முகவரிப் பட்டியலிலுள்ள முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிற்று. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேன் நாட்டில் மூன்று மின்விநியோகக் கம்பனிகளின் கணினிகளைப் பகைவர் கைப்பற்றி, ஏறத்தாழ 225,000 பாவனையாளருக்கு மின்சாரத்தைத் துண்டித்தனர். அவர்கள் மாதங்கள் பல முன்னரே உள்நுழைந்த வழி, ஊழியருக்கு மின்னஞ்சலில் வந்த கோப்புக்களிலிருந்த மக்ரோவாகும். மக்ரோவை இயக்க அனுமதிக்குமாறு திரையில் ஒரு வேண்டுகோள் தோன்றியது, ஊழியரும் அனுமதித்தனர்.

இத்தகைய அனுபவங்களின் பயனாக, இணையத்திலிருந்து வந்த கோப்புக்களின் மக்ரோக்களைத் தாமாகவே தடுக்கும் ஏற்பாட்டை 2022இல் மைக்ரோசொப்ட் நடைமுறைப்படுத்தியது. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின்மீது விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத குறிப்பொன்றைப் பதிக்கின்றது. கடிதத்தின்மீது தபாற்கந்தோர் இடும் முத்திரையை ஒத்தது அது. அம்முத்திரையைக் கண்டதும் எக்செல் செந்நிறப் பட்டையைக் காட்டுகின்றது.

இனி, பரிகாரத்துக்கு வருவோம். முதலிற் பட்டையின் நிறத்தை நோக்குங்கள். மஞ்சள் நிறமாயின், 'எனேபிள் கொன்டென்ட்' என்னும் பொத்தான் அதன் பக்கத்திலேயே இருக்கும். கோப்பு உங்களுக்கு நன்கு தெரிந்ததாயின் அதை அழுத்தினாற் போதும். சிவப்பு நிறமாயின் அப்பொத்தான் இராது. அப்போது, அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, அக்கோப்பை அவர்தாம் அனுப்பினாரா என உறுதிசெய்து கொள்ளுங்கள். பின்னர் கோப்பை மூடி, உங்கள் கணினியிற் சேமித்து, அதன்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'புரொப்பர்ட்டீஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'ஜெனரல்' என்னும் பக்கத்தின் அடியிலே 'அன்புளொக்' என்றொரு சிறு கட்டம் உண்டு. அதிற் சரியடையாளமிட்டு, மாற்றத்தை ஏற்று, கோப்பை மீண்டும் திறந்தால் செந்நிறப் பட்டை நீங்கிவிடும்.

பட்டை ஏதுமின்றியே, மக்ரோவை இயக்க முடியவில்லை என்ற செய்தி மாத்திரம் வருவதும் உண்டு. அப்போது கோப்பின் பெயரின் இறுதியைப் பாருங்கள். 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என முடியும் கோப்பில் மக்ரோ தங்குவதில்லை; யாரோ அவ்வகையிற் சேமித்தபோதே அது நீங்கியிருக்கும். 'எக்ஸ்எல்எஸ்எம்' என முடியும் மூலக்கோப்பைத் திரும்பப் பெறுவதே வழி. தெரிவுகள் யாவும் மங்கி மாற்ற முடியாதிருப்பின், அது நிர்வாகம் விதித்த கட்டுப்பாடாகும். கணினிப் பொறுப்பாளரை நாடுங்கள்.

நாள்தோறும் மக்ரோக் கோப்புக்களைக் கையாள்வோர், 'ட்ரஸ்ட் சென்டர்' என்னும் பகுதியிலே தனிக் கோப்புறையொன்றை நம்பிக்கைக்குரிய இடமெனப் பதிவு செய்யலாம். அங்குள்ள கோப்புக்களின் மக்ரோக்கள் கேள்வியின்றி இயங்கும். ஆதலின், மின்னஞ்சலிலிருந்து இறங்குவனவெல்லாம் வந்து குவியும் கோப்புறையை ஒருபோதும் அவ்வாறு பதிவு செய்யலாகாது.

அதே பகுதியில் எல்லா மக்ரோக்களையும் அனுமதிக்கும் தெரிவொன்றும் உண்டு. வேலை அவசரத்திலே பலர் நாடுவது அதனையே. இன்றைய கோப்புக்காகத் திறந்த அவ்வாயில் நாளை வரும் கோப்புக்கும் திறந்தே கிடக்கும்; அந்நாளில் எச்சரிக்கப் பட்டையும் இராது. ஒரு கோப்புக்கு வழிவிட வேண்டின், அந்த ஒரு கோப்பை மாத்திரம் விடுவியுங்கள். ஏனையவற்றுக்குக் காவல் இருந்தபடியே இருக்கட்டும்.