தீர்ப்பைத் தள்ளிவைக்கும் கலை



மனித சுபாவத்தை ஆராய்வதற்குக் கவிஞர்களும் நாவலாசிரியர்களும் கையாளுகிற உத்திகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று இம்மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். உத்தி என்றவுடன் உவமை, உருவகம், சிலேடை என்று ஒரு பட்டியல் நினைவுக்கு வருவது, பரீட்சைக்காகச் செய்யுள் படித்த நமக்கெல்லாம் இயல்பே. ஆனால் நெடுங்காலம் இலக்கியத்தோடு பழகியதில் என் உள்ளத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஒரு மனிதரைப் பார்த்த மாத்திரத்தில், அவர் செய்த ஒரு காரியத்தைக் கேள்விப்பட்ட மாத்திரத்தில், நல்லவர் என்றோ தீயவர் என்றோ நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைச் சற்றே தள்ளிவைத்து, அப்படிக் கிடைத்த அவகாசத்திலே அவருடைய அந்தரங்கத்தை நாம் கண்டுகொள்ளும்படி செய்வதே மகாகவிகளுடைய உத்திகளுக்கெல்லாம் உயிரான பிரயோஜனம் என்பது என் துணிபு.

சங்கச் சான்றோர் அகத்திணைக்கு வகுத்துக்கொண்ட நியதியை நினைத்துப் பாருங்கள். காதலரின் இயற்பெயரைச் சொல்லலாகாது. புலவன் தன் குரலில் பேசலாகாது. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், தலைவன் தன் நெஞ்சோடு பேசுவான். மணம் பேசி வராமல் காலம் கடத்துகிற தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்பதை அறிந்த தோழி, அவனை நேரே கடிந்துகொள்ளாமல், அவன் செவியில் விழும்படி தலைவியிடம் பேசுகிறாளே, சிறைப்புறமாகச் சொல்வது என்ற அந்தத் துறை ஒன்றே போதும், மனித மனத்தின் நுட்பத்தை அவர்கள் எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார்கள் என்பதற்கு. இன்னாருடைய கதை என்று சுட்டப்படாமையால் வம்பு பேசுவதற்கு அங்கே இடமில்லை. வம்புக்கு இடமில்லாத இடத்தில்தான் துயரத்தைத் துயரமாகவே கேட்கும் செவி நமக்கு வாய்க்கிறது.

இந்த அகமரபைப் பெருங்கதை ஒன்றின் நடுவே நிறுத்தி, அதைக்கொண்டே மனித ஹிருதயத்தின் பேதைமையை வெளிப்படுத்தியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் 30 பகுதிகளில் 7-ஆவதாக நிற்கும் கானல்வரியில், இந்திரவிழா முடிந்த புகார்க் கடற்கரையிலே மாதவி யாழை எடுத்துக் கோவலன் கையில் தருகிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான், கானலைப் பாடுகிறான், கண்டு மயங்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறான். அப்பாட்டிலே வேறு குறிப்பு ஒன்று இருப்பதாக எண்ணிய மாதவி, ஊடல் கொள்ளாதவள் போல யாழை வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். அவளுடைய உள்ளத்தில் வேறொருவன் இருக்கிறான் என்று துணிந்து, கோவலன் அவளைப் பிரிந்து போய்விடுகிறான்.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். பிரிவாற்றாத மாதவி தாழை மடலில் ஓலை தீட்டித் தன் தோழி வசந்தமாலையின் கையில் அனுப்புகிறாள். அதை வாங்க மறுக்கும் கோவலன் சொல்லும் காரணம் என்ன? ஆடல்மகளாகிய அவள் காட்டிய அன்பெல்லாம் நடிப்பு என்பதுதான். பாட்டு மரபுக்காகப் பாடப்பட்ட பாவனையை அவன் உண்மையென்று நம்பினான். நெஞ்சு வெந்து எழுதிய உண்மையைப் பாவனையென்று தள்ளினான்! இவ்விரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்ததற்கு மேல் அடிகள் ஒரு சொல்லும் உபதேசமாகச் சொல்லவில்லை. ஊழ் யாழிசையைச் சாக்காகக் கொண்டு வந்தது என்று கூறி அமைகிறாரேயன்றி, இருவரில் ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

அந்த மௌனத்துக்குரிய பயன் 13-ஆவது பகுதியில் கிடைக்கிறது. மனைவி கண்ணகியோடு புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலன் மதுரையை அணுகும் வழியிலே, கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் இரண்டாவது ஓலையைக் கொண்டுவந்து தருகிறான். அதைப் படித்த கோவலன், அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று உணர்கிறான். உணர்ந்தவன் செய்த காரியம் உலக இலக்கியத்திலேயே வியக்கத்தக்கது. அடிபணிந்து, பிழை பொறுக்க வேண்டி மாதவி தனக்கு எழுதிய அதே ஓலையை, தன் தாய் தந்தையரிடம் தான் சொல்ல வேண்டிய சொற்களும் அவையே என்று கண்டு, அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகனிடமே கொடுத்துவிடுகிறான். யாருடைய சொல்லைப் பொய்யென்று ஒதுக்கினானோ, அவளுடைய சொல்லையன்றித் தன் மனத்தைச் சொல்ல அவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஓர் ஓலையைக் கைமாற்றியதனால் ஒரு மனிதனுடைய மனமாற்றம் முழுவதையும் காட்டிவிட்ட இந்த உத்தியை அணியிலக்கண நூல்களின் எந்தத் தலைப்பின் கீழ் அடக்குவது?

கம்பருடைய வழி வேறு. அவர் எதிர்த்தரப்பில் நிற்பவனுக்கும் முழுக் குரலையும் கொடுத்துவிடுகிறார். உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கும்பகர்ணன், சீதையை விட்டுவிடும்படி தமையனுக்கு அறிவுரை சொல்கிறான்; அது ஏற்கப்படாதபோது, மீளமாட்டோம் என்று தெரிந்தே போருக்குப் புறப்படுகிறான். போர்க்களத்தில் விபீஷணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போது, தம்பியின் தர்மத்தையும் ஒப்புக்கொண்டு, தன்னை வளர்த்தவனுக்காக உயிர் கொடுக்கும் தன் கடமையையும் எடுத்துச் சொல்லி, அவனை வாழ்த்தி அனுப்புகிறான். இருவர் சொல்வதும் நியாயம். இருவரும் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். இராமனிடத்தில் கம்பருக்கு இருந்த பக்தி யாவரும் அறிந்தது. அந்த பக்தி இந்த நியாயத்தை மறைத்துவிடாமல் பார்த்துக்கொண்டதே அவருடைய மேதை.

நம் காலத்து வசன இலக்கியத்திலும் இம்மரபு தொடர்ந்து வந்திருக்கிறது. 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ எழுப்பிய விவாதத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, அறிமுகமில்லாதவனுடைய காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்புகிறாள். முதலில் கொதித்தெழுந்த தாய், பின்பு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றி, அவளை அணைத்துக்கொள்கிறாள். தாய் செய்தது சரியா என்று நாடு வாதாடிக்கொண்டிருக்க, ஆசிரியர் வாதத்துக்கு வாதம் தொடுப்பதோடு நில்லாமல், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலை எழுதினார். பெண் அவளே, மழை அதுவே, கார் அதுவே. தாயின் செயல் ஒன்றைமட்டும் மாற்றினார். இந்தத் தாய் ஊர் அறிய அலறிவிடுகிறாள். அதனால் கங்கா என்னும் அந்தப் பெண் வீட்டை இழந்து, மாமன் தயவில் படித்து, உத்தியோகம் பெற்றும் தனித்துப்போகிற கதையை அவள் வாயாலேயே நாம் கேட்கிறோம். ஒரு குடம் தண்ணீருக்கும் ஓர் அலறலுக்கும் இடையே ஒரு பெண்ணின் முழு ஆயுளும் இருந்தது என்பதை எந்தப் பிரசங்கத்தால் இவ்வளவு தெளிவாக நிரூபித்திருக்க முடியும்? சாகித்ய அகாதெமி 1972-இல் அந்நாவலுக்குப் பரிசளித்தது முற்றிலும் பொருத்தமே.

நண்பர்களே! கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா, குற்றவாளி கோவலனா பாண்டியனா என்று நம் மேடைகளிலே நெடுங்காலமாக வழக்காடி வருகிறோம். அதில் சொல்வன்மை வளர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆயினும், காவியம் எந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டதோ அந்தத் தீர்ப்பையே நாம் கைத்தட்டலுக்கிடையே வழங்கிவிட்டு வீடு திரும்பும்போது, கவி நமக்காக அரும்பாடுபட்டுச் சேமித்துவைத்த அவகாசத்தை வீணாக்கிவிடுகிறோம். தமிழாசிரியர்களை நான் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்வது இதுதான்: இப்பாட்டில் வந்துள்ள அணி யாது என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், இந்தப் பாத்திரம் ஏன் இப்படிப் பேசியது, ஏன் இவ்விடத்தில் ஆசிரியர் வாளாவிருந்தார் என்றும் மாணவர்களிடம் கேளுங்கள். இளைஞர்களே, நீங்கள் ஒரு காவியத்தையோ நாவலையோ கையில் எடுக்கும்போது, கடைசிப் பக்கம் வரையில் யாரையும் தண்டித்துவிடாதீர்கள். புத்தகத்துக்குள் பழகிய அந்தப் பொறுமையை, நாளைக்கு உங்கள் வீட்டிலும் தெருவிலும் தவறிப்போன ஒருவர் உங்கள் எதிரே வந்து நிற்கும்போதும் கைவிடாதிருங்கள்.