உறைபனிக் காலமும் வீட்டுக் காய்கறித் தோட்டமும்

(நீலகிரி ஜில்லா, உதகமண்டலம் தாலூகாவைச் சேர்ந்த கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்தால் தவணை பாக்கியைப் பற்றியும் கணக்குப் புஸ்தகங்களைப் பற்றியுமே பேசுவார் என்பது உங்கள் அனுபவம். இன்று புழக்கடைக் காய்கறிப் பாத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது விவசாய இலாகாவின் காரியம் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். பேரேட்டில் காணும் ஒரு விஷயமே என்னை இதற்கு இழுத்து வந்தது. மார்கழி, தை மாதங்களில் வீட்டுச் செலவுக்கென்று எடுக்கப்படும் சிறு தொகைகளே தவணை வரும் சமயத்தில் பெரிய பாக்கியாக நிற்கின்றன. அந்தச் செலவு என்ன என்று விசாரித்தால், அரிசிக்கு அடுத்தபடியாகக் காய்கறி என்கிறார்கள். லாரி லாரியாகக் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி அனுப்பும் ஹட்டியிலே, பனி விழுந்தபின் தக்காளியும் கத்தரிக்காயும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்து, மலைக்கு ஏறிய கூலியையும் சேர்த்து விலையாகின்றன. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 30 ரூபாய்க்குக் காய்கறி வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளைக்கு 1,800 ரூபாய் ஆயிற்று. விதைக் கிழங்குக்கு என்று வைத்திருந்த பணத்தில் இது கரைந்தால், நீர்போகத்துக்குப் புதுக் கடன் எழுத வேண்டியதுதான்.

வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்த பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பனியை அவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் முதலில் நீர்ப்பனி விழும். மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் அடங்கியபின் அதுவே உறைபனியாக மாறும். தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் பள்ளங்களில் புல்வெளி உப்புத் தூவினாற்போல் கிடப்பதைப் பார்க்க வெளியூரார் விடியற்காலையில் மோட்டாரில் வருகிறார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. அவரைப் பந்தல் வைத்திருப்பவனுக்கு அப்படியல்ல.

ஆனாலும், பனி எவ்விதமாக வருகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம். எந்த இடத்தில் பாத்தி போடுவது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது. பனி மழையைப்போல் மேலிருந்து விழுவதன்று. பகலில் பூமி வாங்கிய உஷ்ணம் இரவில் ஆகாயத்தை நோக்கிப் போய்விடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளியைப்போல் உஷ்ணத்தைத் தடுத்து நிறுத்தும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றும் கீழே உள்ள குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். மேகமும் இன்றிக் காற்றும் இன்றி நட்சத்திரங்கள் பளபளவென்று தெரியும் இரவிலேதான் ஆபத்து. அப்போது தரையை ஒட்டிய காற்றும் இலைகளும் மிகக் குளிர்ந்துவிடுகின்றன. இலையின் மேல் படிந்த ஈரம் உறைகிறது. இலைக்குள்ளே உள்ள நீரும் உறைந்து அதன் நுண்ணிய அறைகளைக் கெடுத்துவிடுகிறது. காலையில் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத்து நிலம் கறுத்துப்போயிருக்க, அதே ஊரில் நடுச்சரிவில் உள்ள வீட்டுத் தோட்டம் பச்சையாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஆகையால் பனிக்காலத்து வீட்டுப் பாத்தியைப் பள்ளத்தில் போடலாகாது. வீட்டை ஒட்டிய மேட்டில் போட வேண்டும். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் நெருக்கமான வேலியோ கற்சுவரோ இருந்தால், இறங்கி வரும் குளிர்காற்று அணை கட்டினாற்போல் உள்ளேயே தங்கிவிடும். அந்தப் பக்கம் இரண்டு முழம் திறந்து விடுங்கள். காட்டெருமைக்குப் பயந்து வேலியைத் திறக்க மாட்டோம் என்று ஓர் அம்மாள் சென்ற கூட்டத்தில் சொன்னார்கள். அவர்கள் பயம் நியாயமானதே. புல் கருகியபின் அவை பச்சையைத் தேடி ஊருக்குள் வருவது நாம் அறிந்தது. திறந்த இடத்தில் சீகைக் கழிகளை இடைவெளி விட்டு ஊன்றினால் காற்று போகும், எருமை போகாது.

வீட்டின் மேற்குச் சுவர் ஓரமே மிகவும் நல்ல இடம். கல்லும் செங்கல்லும் பிற்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மெல்லக் கொடுக்கும். கிழக்குப் பக்கத்துப் பாத்தியில் உறைந்த இலையின்மேல் சூரியன் திடீரென்று அடிப்பதால், மெதுவாக உருகியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய செடியும் வாடிவிடுகிறது. மேற்கில் அந்தக் கெடுதி குறைவு.

இனி எதை வைத்திருப்பது, எதை அப்புறப்படுத்துவது என்பதைப் பார்ப்போம். இந்த மலையில் 1819-ஆம் வருஷத்துக்குப் பிறகு ஜான் சல்லிவன் என்ற கோயமுத்தூர்க் கலெக்டரின் முயற்சியால் ஐரோப்பியக் காய்கறிகள் பரவின. அவற்றில் சில குளிர்தேசத்தவை, சில அல்ல. உருளைக்கிழங்கும் பீன்ஸும் அமெரிக்கா கண்டத்திலிருந்து வந்தவை, உறைபனியைத் தாங்கா. தக்காளி, மிளகாய், பூசணி, வெள்ளரி, மக்காச்சோளம் யாவும் உறைபனியைத் தாங்காதவையே. முட்டைக்கோஸ், நூல்கோல், டர்னிப், காரட், பீட்ரூட், லீக்ஸ், பூண்டு, கொத்தமல்லி ஆகியவை ஓரளவு பனியைப் பொறுக்கும். பட்டாணிச் செடி பொறுக்கும். அதன் பூவும் இளங்காயும் பொறுக்கா. ஆகவே பனி தணிந்தபின் பூக்கும்படி கணக்கிட்டு விதைக்க வேண்டும். காலிபிளவர் பூவின் மேல் அதன் சொந்த இலைகளையே மடித்து நாரால் கட்டிவிட்டால் போதும்.

காரட்டைப் பற்றிச் சற்று விசேஷமாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் பனி மேல்மண்ணைத் தாண்டி ஆழமாக இறங்குவதில்லை. ஐப்பசிக்குள் பருத்துவிட்ட காரட்டைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டு வைக்கலாம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் ருசியும் கூடுகிறது. தினம் வேண்டியதைத் தினம் பிடுங்கிக் கொள்ளலாம். களஞ்சியத்துக்கு வாடகை இல்லை. ஆனால் வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும் காலம் இது. பனி தொடங்கியபின் விதைத்துவிட்டுத் தை மாதத்தில் காய் எதிர்பார்ப்பது வீண். வீட்டுக்கு வேண்டியதைப் புரட்டாசிக்குள்ளேயே விதைத்துவிட வேண்டும்.

பொறுக்காத காய்களையும் வீணாக விட வேண்டாம். முற்றிய பச்சைத் தக்காளியைப் பனிக்கு முன்பே பறித்து, காகிதத்தில் சுற்றிச் சமையலறை ஓரத்தில் ஒரு கூடையில் வைத்தால் ஒவ்வொன்றாய்ப் பழுக்கும். பூசணியைக் காம்போடு அறுத்து, சில நாள் வெயில் காட்டிப் பரணில் ஏற்றுங்கள். மேரக்காய்க் கொடி பனியில் கருகினாலும் கிழங்கு மண்ணில் உயிரோடிருக்கும். அடியில் எருவும் சருகும் குவித்து மூடினால் கோடை மழைக்கு மறுபடி தளிர்க்கும்; கொடி செத்தது என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். உருளைக்கிழங்குத் தழை கறுத்துவிட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கெடுவதில்லை. வெளியே தெரியும் கிழங்குகளுக்கு மண் அணைத்து, தோல் இறுகும்வரை 10, 15 நாள் பொறுத்துத் தோண்டலாம். பச்சை நிறம் ஏறிய கிழங்கை மட்டும் சமைக்கலாகாது.

தண்ணீர் விஷயத்தில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பனிக்காலத்தில் பாத்தியைக் காயவிட்டால் குளிர் குறையும் என்று நினைக்கிறார்கள். உண்மை இதற்கு மாறானது. ஈரமான இறுகிய மண் பகலில் உஷ்ணத்தை அதிகமாக வாங்கி இரவில் திருப்பிக் கொடுக்கும். உலர்ந்து பொலபொலவென்றிருக்கும் மண்ணிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. ஆகையால் காலை 10 மணிக்கு மேல் 1 மணிக்குள் வேரில் தண்ணீர் விடுங்கள். மாலையில் இலை நனையும்படி தெளிக்கவே கூடாது. அந்த ஈரம் இலையை மேலும் குளிர்விக்கும். இதே காரணத்தால்தான், பாத்தி முழுவதும் சருகு பரப்புவதையும் நான் ஆமோதிப்பதில்லை. காரட், பீட்ரூட் போன்றவற்றின் வேருக்கு மேல் சருகு நல்லது. ஆனால் இளங்கீரைக்கும் நாற்றுக்கும் நடுவே பரப்பினால், மண்ணின் சூடு சருகுக்கு அடியிலேயே அடைபட்டு, மேலே நிற்கும் இலை கூடுதலாகக் குளிர்ந்து போகும். இந்த மாதங்களில் களை வெட்டி மண்ணைக் கிளறாமல் இருப்பதும் மேல். யூரியாவும் வேண்டாம், அது இளந்தளிரைக் கிளப்பும், இளந்தளிரே முதலில் சாகும். அடுப்புச் சாம்பலைச் சிறிது தூவலாம். நம்முடைய புளிப்பு மண்ணுக்கு அது எப்போதுமே நல்லது.

மூடுவதற்கு வெகு செலவு ஆகாது. பாத்தியின் நான்கு மூலையிலும் நடுவிலும் சீகைக் குச்சிகளை நட்டு, பழைய கோணிச் சாக்கு, கம்பளி, புடவை ஆகியவற்றைக் கூரைபோல் போடுங்கள். தாகை முதலிய பெரணித் தழைகளைப் போட்டு மூடுவது தேயிலைத் தோட்டங்களில் வெகுகாலமாக உள்ள வழக்கம். வீட்டுக்கும் அது தகும். காலையில் எடுத்த தழையை மாட்டின் முன் மாத்திரம் போட்டுவிடாதீர்கள். பெரணி மாட்டுக்கு ஆகாது. மூடாக்கு தரைவரை தொங்க வேண்டும். செடியின் தலையில் முண்டாசு கட்டினாற்போல் சுற்றித் தண்டோடு முடிச்சுப் போட்டால், கீழிருந்து எழும் மண்ணின் சூடு உள்ளே போக வழியில்லாமல் போகிறது. பிளாஸ்டிக் தாள் போடுகிறவர்கள் அது இலையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்ட இடமெல்லாம் கருகும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும். இருட்டியபின் மூடுவது, கோழி பறந்தபின் கூண்டை அடைப்பது போலாகும். காலையில் பனி உருகியதும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெக்கையும் பூஞ்சணமும் உண்டாகும்.

சிலர் விடியற்காலையில் குப்பையைக் கொளுத்திப் புகை போடுகிறார்கள். புகையால் பூமியின் உஷ்ணம் தடைபடுகிறது என்பது பழைய எண்ணம். பரீட்சையில் அது நிரூபணமாகவில்லை. நெருப்பின் சூட்டால் பக்கத்துச் செடி இரண்டொன்று பிழைக்கலாம். அண்டை வீட்டாரின் இருமலுக்கு அது ஈடாகாது. தெளிப்பு நீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் உறையும்போது சிறிது உஷ்ணத்தை வெளிவிடுவதால் செடி காப்பாற்றப்படுகிறது என்பது மெய்தான். ஆனால் உறையும் நிலை வருமுன் தொடங்கி, படிந்த ஐஸ் தானே உருகி முடியும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால், தெளிக்காமல் இருந்ததைவிட அதிக நஷ்டம். வீட்டுப் பாத்திக்குச் சாக்கே உத்தமம்.

பனி பட்ட செடியை அன்றைக்கே வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். கருகிய மேலிலை அடுத்த இரவில் கீழிலைக்குக் குடையாகும். பனிக்காலம் கழிந்து புதுத்தளிர் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டலாம்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1935-ல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டது, தனித்தனியே விற்றவர்கள் ஒன்றாய் விற்க வேண்டும் என்பதற்காக. வாங்குவதிலும் அதே நியாயம்தான். வீட்டுப் பாத்திக்கு வேண்டிய விதை வெகு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக முழுப் பொட்டலம் வாங்கி, மீதியை அடுத்த வருஷம் முளைக்காத விதையாக எறிகிறோம். லீக்ஸ், வெங்காயம் இவற்றின் விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பத்தக்கதன்று. 10 வீட்டார் சேர்ந்து சங்கத்தின் மூலம் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் புது விதையும் கிடைக்கும், பணமும் மிஞ்சும். சாக்கும் மூடுதுணியும் அப்படியே மொத்தமாக வாங்கலாம்.

இன்னொன்று, இரவின் மிகக் குறைந்த உஷ்ணத்தைக் காட்டும் உஷ்ணமானி ஒன்றைச் சங்கம் வாங்கி, ஊரின் தாழ்ந்த தோட்டம் ஒன்றில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்க வேண்டும். வானிலை நிலையத்தார் சொல்லும் எண் சுமார் 4 அடி உயரத்தில் பெட்டிக்குள் அளந்தது. அங்கே 3 அல்லது 4 டிகிரி என்று காட்டும்போதே நம் புல்லின்மேல் பனி உறைந்திருக்கக்கூடும். மாலை 5 மணிக்கு வானம் தெளிவு, காற்றில்லை, உஷ்ணமும் வேகமாக இறங்குகிறது என்று கண்டால், முறைக்காரர் ஒருவர் செல்பேசியில் எல்லா வீட்டாருக்கும் செய்தி அனுப்பலாம். தினசரி எண்ணைச் சங்கத்தின் நோட்டில் குறித்து வைத்தால், நாலைந்து வருஷத்தில் இந்த ஊருக்கு எந்தத் தேதியில் பனி தொடங்குகிறது, எந்த மூலையில் முதலில் விழுகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். வேறெந்த ஆபீசிலும் அந்தக் கணக்குக் கிடைக்காது.

விதைக்கும் மூடுதுணிக்கும் பெயர் கொடுக்க விரும்பும் அங்கத்தினர்கள் இன்றே காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம். தாய்மார்கள் பெயரிலேயே எழுதினால் நலம், பாத்தியைப் பார்க்கிறவர்கள் அவர்களே. துணிக்கு உங்கள் பாத்தியின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து வாருங்கள். முழக்கணக்கில் சொன்னால், ஆளுக்கொரு முழமாக இருக்கிறபடியால், பங்கிடும்போது காரியதரிசிக்குச் சங்கடம் உண்டாகும்.