பின்னோக்கும் கண்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் வாழ்வோருக்கு எங்கள் ஒழுங்கைகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டோடு வீடு நெருங்கியிருக்கும். மதிலுக்கும் மதிலுக்கும் இடையே ஒரு வண்டி செல்லுமளவே வழியிருக்கும். காலையிலே வளவிலிருந்து காரை வெளியே எடுப்பதாயின், பெரும்பாலும் பின்னோக்கியே எடுத்தல் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதும் அந்த வேளையிலேதான்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுது. மூன்று வயதான என் பேரன், உருண்டோடிய பந்தை எடுப்பதற்காகக் காரின் பின்னே குனிந்திருந்தான். நான் மூன்று கண்ணாடிகளையும் பார்த்தேன். ஒன்றிலேனும் அவன் தென்படவில்லை. றிவர்ஸ் கியரைப் போட்டேன். குசினி வாயிலில் நின்ற என் மனைவி இட்ட கூச்சலே அவனைக் காத்தது. பிறேக்கை மிதித்த என் கால் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவன் என்ற செருக்கு அன்றோடு ஒழிந்தது.

எல்லோருக்கும் இத்தகைய கூச்சல் உரிய வேளையில் கேட்பதில்லை. 2002 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லோங் ஐலண்டிலே, கெமரன் கல்பிரன்சன் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, தந்தையே பின்னோக்கிச் செலுத்திய வாகனத்தில் அகப்பட்டு உயிர் நீத்தது. அத்தந்தை குழந்தை மருத்துவர். அவரும் அவர் போன்ற பிற பெற்றோரும் விடாது முயன்றதன் பயனாக, 2008 இல் அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. 2018 மே மாதம் முதலாகத் தயாரிக்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் பின்னோக்குக் கமரா இருத்தல் அந்நாட்டிலே கட்டாயமாயிற்று. இக்கருத்து புதியதுமன்று, 1956 இலேயே பியூக் நிறுவனத்தார் ‘செஞ்சூரியன்’ என்ற காட்சிக் காரிலே, கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் கமராவைப் பொருத்திக் காட்டினர்.

என் காரோ பழைய ஜப்பான் வண்டி. கமராவையும் சிறு திரையையும் வாங்கி நானே பொருத்துவதென்று துணிந்தேன். கராஜிலே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அக்கண் எதைக் காணும், எதைக் காணாது என்பதை என் கையாலேயே அறிய விரும்பினேன்.

வேலை அத்துணை கடினமன்று. றிவர்ஸ் கியர் விழுந்தவுடன் பின்புறம் வெள்ளை விளக்கு எரிகின்றதல்லவா? கமராவுக்கு வேண்டிய மின்சாரமும் அவ்விளக்கிலிருந்தே கிடைக்கும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்து, சோதனை விளக்கினால் உரிய வயரைக் கண்டறிந்தேன். பின்னர் சாவியை எடுத்து, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே வயரைத் தொட்டேன். கமராவின் சிவப்பு வயரை ஒரு சிறு பியூஸ் வழியாக விளக்கின் வயரோடும், கறுப்பு வயரைக் காரின் உடலோடும் இணைத்தேன். படத்தைக் கொண்டு செல்லும் நீண்ட வயரை, டிக்கி மூடியின் ரப்பர்க் குழாய் வழியாகவும் கதவோரப் பட்டியின் அடியாகவும் முன்னே கொண்டுவந்து திரையிலே செருகினேன். அதனோடு ஓடும் மெல்லிய வயர், கியர் விழுந்ததும் திரையை விழிக்கச் செய்வது.

நம் கரையோர மக்களுக்கு ஒரு சொல். புதிய துளை இட்டால் உப்புக்காற்று அதன் வழியே துருவை அழைத்துவரும். ஆதலால் இலக்கத் தகட்டின் திருகாணியிலேயே கமராவை மாட்டினேன். ஹைபிரிட் கார் வைத்திருப்போர் செம்மஞ்சள் நிற வயர்களைத் தீண்டவே கூடாது. அவற்றிலே ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம். ஐயமிருப்பின் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

பொருத்தியதோடு பணி முடிந்ததா? இல்லை. மகனை வலப்பக்கம் நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொன்னேன். திரையிலும் அவன் வலப்பக்கமே தோன்றினான். இடமாகத் தோன்றியிருப்பின் அப்படம் சாரதியை ஏமாற்றியிருக்கும். அதன்பின் பேரனின் உயரத்துக்கு ஒரு வாளியின்மேல் மற்றொன்றைக் கவிழ்த்துவைத்து, காரைச் சுற்றி இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நேர் பின்னே வைத்தபோது தெளிவாகத் தெரிந்தது. பின்சில்லின் பக்கத்தே வைத்தபோது திரையிலே வெறும் தரையே இருந்தது! வாளி மறைந்த இடங்களையெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வீட்டார் அனைவரையும் அழைத்துக் காட்டினேன். பேரனும் வந்து பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாரி காலத்திலே மழைத்துளியும், மற்றைக் காலத்திலே மணலும் உப்பும் அக்கண்ணை மறைக்கும். நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். துடைத்த கண்ணும் முழுமையாகக் காண்பதில்லை என்பதைத்தான் அந்தச் சுண்ணக்கோடுகள் எனக்கு உணர்த்தின.

ஆகவே நேயர்களே, கமராவைப் பொருத்துங்கள்; அது நல்ல துணை. ஆயினும் காரில் ஏறுமுன் ஒருமுறை அதனைச் சுற்றி நடந்து வாருங்கள். பிள்ளைகள் எங்கே என்று வீட்டாரிடம் கேட்டு, விடை வந்த பின்னரே சாவியைத் திருப்புங்கள். இதற்குச் செலவாவது அரை நிமிடமே. என் வீட்டில் இப்பொழுது அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. “நான் இங்கே இருக்கிறேன், மூத்தவாப்பா!” என்று திண்ணையிலிருந்து பேரன் குரல் கொடுப்பான். அக்குரல் கேட்ட பின்னரே என் கார் நகரும்.