நியூகினியின் தொல்மொழி

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூகினி, உலகின் பெருந்தீவுகளுள் ஒன்று. அதன் கிழக்குப் பாதியிலும் அடுத்துள்ள தீவுகளிலும் பரவிய பப்புவா நியூகினி நாட்டில் மட்டும் 800-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. சில மொழிகளைப் பேசுவோர் சில நூற்றுவரே.

பப்புவா மொழிகள் என்பது ஒரு குடும்பத்தின் பெயரன்று. கடலோடிகள் கொணர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிகளைச் சேராதவற்றுக்கெல்லாம் பொதுவாக இட்ட பெயர் அது. அவற்றுள் மிகப் பெரிய குடும்பம் ‘டிரான்ஸ் நியூகினி’ எனப்படுகிறது. 1970-இல் மெக்கெல்ஹானன், வூர்ஹூவ என்னும் அறிஞர் இருவர் இதற்கு அடிகோலினர். 1975-இல் வூர்ம் என்பார் இதன் எல்லையை மிக விரித்தார். அளவுக்கு மீறி விரித்தார் என்றே பின்வந்தோர் கருதினர். அக்கருத்து நமக்கும் உடன்பாடே.

உறவை எங்ஙனம் அறிவது? பெங்களூரில் வாழும் நம்மவர் இதை நாள்தோறும் காதாற் கேட்கின்றனர். நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’, ‘புலி’ ‘ஹுலி’, ‘பல்’ ‘ஹல்லு’. ஒன்றிரண்டு சொற்கள் ஒத்தால் தற்செயல் எனலாம். ஓர் ஒலிக்கு ஈடாக மற்றோர் ஒலி முறை தவறாது வருமாயின், அதுவே உறவுக்குச் சான்று.

நியூகினியிலோ பழைய ஏடுகள் இல்லை. மலைநாட்டு மொழிகள் எழுத்தேறியதே இருபதாம் நூற்றாண்டில்தான். ஆகவே ஆண்ட்ரூ பாலி, மால்கம் ராஸ் முதலியோர் எளிதிற் கடன் வாங்கப்படாத சொற்களை நாடினர். மூவிடப் பெயர்களை ஒப்பிட்ட ராஸ், தன்மை ஒருமைக்கு ‘ந’ என்றும், முன்னிலை ஒருமைக்கு, ‘கங்கை’யின் முதலெழுத்தைப் போல் ஒலிக்கும் ‘க’ என்றும் தொல்வடிவம் கண்டார். பேனுக்கு ‘நிமன்’ என்பது பாலியின் முடிபு. எவரும் கேட்டறியாத வடிவங்களாதலின் இவற்றின்முன் உடுக்குறி இடுவது மரபு. ‘ந’ என்றதும் நம் ‘நான்’ நினைவுக்கு வரலாம்; ஒரு சொல்லின் சாயலைக் கொண்டு உறவு கொண்டாடுவதற்கில்லை!

இம்மொழி பேசியோர் யார்? மேற்கு மலைநாட்டுக் ‘கூக்’ சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னரே பயிர்த்தொழில் நடந்ததை அகழ்வாய்வு காட்டியது. 2008-இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமாயிற்று. சேம்பும் வாழையும் அவர்தம் பழம்பயிர்கள். உழவு பரவியபோதே இக்குடும்பமும் பரவியிருக்கலாம் என்பது பாலியின் கருத்து. ‘கற்கால மாந்தர்’ என்று பிறர் இகழ்ந்த மக்களே உலகின் முதல் உழவர்களுள் ஒரு சாரார் என்பதை நாம் கருதவேண்டும். எனினும், மண்ணுள் கிடைத்த கால்வாய் அதை வெட்டியோரின் மொழியைச் சொல்வதில்லை, சொல்லாய்வுதான் சொல்லவேண்டும்.

அதற்குக் காலம் குறுகி வருகிறது. பல ஊர்களில் சிறுவர் தாய்மொழியை விட்டு, நாட்டின் பொதுமொழியாகிய டோக் பிசினையே பேசுகின்றனர். பல சிறுமொழிகளுக்குச் சிறியதொரு சொற்பட்டியலன்றி வேறு பதிவில்லை. இலக்கணமோ அகராதியோ வேண்டுமாயின், அம்மொழியை இன்றும் பேசும் முதியோரின் அருகமர்ந்தே எழுதிக்கொள்ள வேண்டும்.