கண்மலரும் நீரிழிவும்



நீரிழிவால் கண் மங்கினால் நம் மக்கள் வெள்ளியில் கண்மலர் செய்து சாமிக்குச் சாத்துகிறார்கள். கெட்டது விழித்திரை, போவது காசு!

1953-ல் டென்மார்க்கு வைத்தியர் பவுல்சன் ஓர் அம்மாளைப் பற்றி எழுதினார். பிரசவத்தின்பின் பிட்யூட்டரி சுரப்பி கெட்ட அவருக்கு, நீரிழிவுக் கண்கோளாறு குறைந்தது. இங்கென்றால் அற்புதமென்று கோயில் கட்டியிருப்பார்கள். வைத்தியர்களோ காரணம் தேடினார்கள். அதன் வளர்ச்சி ஹார்மோனைச் சந்தேகித்து, சுரப்பியையே அழித்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கண் தேறியது, உடலுக்கோ பெருங்கேடு. லேசர் சிகிச்சை வந்ததும் அம்முறையைக் கைவிட்டார்கள். அதுவே அறிவு, சாஸ்திரம் அப்படி விடுமா?

வலியின்றிக் கெடும் நோயிது. ஆகவே நாம் சொல்லுவது: சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்குங்கள், பார்வை தெளிவாயிருக்கும்போதே வருஷந்தோறும் விழித்திரையைச் சோதியுங்கள். 1976-ல் துவங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கிறது. கண்மலர்க் காசைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள்!